கடல்மல்லையில் ஏமமனை எங்கு அமைவது?



பொருட்பாலில் 'இடனறிதல்' என்றொரு தனி அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். ஆழ்நீருள் பிற உயிர்களை வெல்லும் முதலை, நீர் நீங்கினால் பிறவற்றுக்குத் தோற்கும் என்று அங்கு எடுத்துக்காட்டும் தந்தார். போருக்கு இடம் பார்த்தல் எளிதில் விளங்கும். காப்புக்கு இடம் பார்த்தல் அத்துணை எளிதில் விளங்குவதில்லை. தீயணைப்பு நிலையம் எங்கே, காவல் நிலையம் எங்கே, மருத்துவமனை எங்கே, புயலுக்கும் பேரலைக்கும் மக்கள் ஒதுங்கும் மனை எங்கே என்னும் வினா எல்லாச் சிற்றூர்களிலும் எழுகிறது. பிற ஊர்களில் அது பெரும்பாலும் நிலத்தின் விலையையும் நிலமுடையார் செல்வாக்கையும் பற்றிய வினாவாக முடிந்துவிடும். மாமல்லபுரத்திலோ அது 1,300 ஆண்டுப் பழமைக்கும் இன்று மூச்சுவிடும் உயிர்களுக்கும் இடையே நிற்கும் வழக்கு.

இவ் வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் நின்ற ஓர் உயர்மாடத்தைக் கூறுகிறது. ஏணி சார்த்தினும் ஏறுதற்கரிய உயரம். கூரை வேயாத உச்சி. அங்கே இரவில் எரியும் தீ. அத் தீயைக் கண்டு துறை நோக்கி வரும் கலங்கள். அத் துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர் உளர். சிலப்பதிகாரம் இத்தகைய மாடத்தைக் கலங்கரை விளக்கம் என்னும். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்னும்போது வரும் கரைதலே இது. கலங்களை அழைக்கும் விளக்கம் கலங்கரை விளக்கம். ஆங்கிலத்தான் இட்ட பெயரில் ஒளியும் உண்டு, வீடும் உண்டு. அழைப்பு மட்டும் இல்லை.

அவ் ஆங்கிலத்தான் மல்லைக்கு வந்தபோது, விளக்கேற்ற உயர்ந்த இடம் தேடினான். மயிடனைச் செற்ற கொற்றவையின் குடைவரைக்கு மேலே, பாறைத்தலையில், பல்லவர் எடுப்பித்த ஒலக்கண்ணீசுவரர் கோயில் நின்றது. அதன் மேலேயே 1887-இல் விளக்கை வைத்துவிட்டான். புதிய இடம் தேடும் வேலை மிச்சம். கட்டடச் செலவும் மிச்சம். கோயிலின் மானம் ஒருவனுக்கும் நினைவில் இல்லை. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதனை அடுத்து இன்றைய கற்கோபுரம் எழுந்தது. அக் கோபுரமும் பழங்கோயிலுக்குக் கூப்பிடு தொலைவில்கூட இல்லை. கையெட்டும் தொலைவிலேயே நிற்கிறது. அதன் ஒளியால் எத்தனையோ மீனவர் இரவில் கரை சேர்ந்தனர் என்பதும் உண்மை. பாதுகாப்பின் பெயரால் ஒரு கோயில் விளக்குத்தண்டாக ஆக்கப்பட்டது என்பதும் உண்மை. இவ் இரண்டு உண்மைகளையும் ஒருசேர நெஞ்சில் வைத்துக்கொண்டே இன்றைய வழக்கை ஆராய்தல் வேண்டும்.

இன்றைய நிலை அதற்கு நேர்மாறானது. பழஞ்சின்னங்கள் பற்றிய நடுவணரசுச் சட்டம் 1958-இல் வந்தது. 1992 சூன் 16-ஆம் நாள் அறிவிக்கை, காக்கப்பெற்ற ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி 100 மீட்டரைக் கட்டடத் தடைப்பகுதி ஆக்கிற்று. அதற்கப்பால் 200 மீட்டரை இசைவு பெற்றே கட்டும் பகுதி ஆக்கிற்று. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத் தடையை மேலும் இறுக்கியது. மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் 1,00,000 உருபா வரை தண்டமும் உண்டு. தனித்து ஒரு கோயில் நிற்கும் ஊரில் இதனால் பெருந்தொல்லை இல்லை. மல்லையிலோ கடற்கரைக் கோயில், ஐந்தேர், அருச்சுனன் தவப்பாறை, கண்ணன் மண்டபம், பிள்ளையார் தேர், பன்றிக் குடைவரை, வலையன்குட்டைத் தேர், பிடாரித் தேர்கள் என ஊரெங்கும் சின்னங்களே. ஒவ்வொன்றையும் நடுவாக வைத்து 100 மீட்டர் வட்டம் வரைந்து பாருங்கள். வட்டமும் வட்டமும் ஒன்றையொன்று விழுங்கும். எஞ்சும் இடத்தை 200 மீட்டர் வட்டங்கள் விழுங்கும். அதற்கும் எஞ்சியதைக் கிழக்கே கடற்கரை ஒழுங்குமுறையும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் நெருக்கும். ஊரே வட்டங்களுக்குள் வாழ்கிறது.

அச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. வழக்காடுவோர் பலர் அதனைப் படிப்பதில்லை. 'கட்டுமானம்' என்பதற்கு 2010-இல் பொருள் வரையறுத்தபோது சிலவற்றை அதனின்று நீக்கினர். சாய்க்கடை நீக்கப்பட்டது. பொதுக் கழிப்பிடம் நீக்கப்பட்டது. மக்களுக்கு நீர் வழங்கும் பணியும் மின்சாரம் வழங்கும் பணியும் நீக்கப்பட்டன. எனவே இவற்றைத் தடைப்பகுதியிலும் செய்யலாம். நன்று. ஆனால் அப் பட்டியலில் தீயணைப்பு நிலையத்தின் பெயர் இல்லை. மருத்துவமனையின் பெயர் இல்லை. புயலுக்கு ஒதுங்கும் மனையின் பெயரும் இல்லை. மக்களின் அன்றாடக் கழிவை எண்ணிய சட்டம் அவர்தம் உயிரிடரை எண்ணவில்லை.

இக் குறையைத் தில்லி நீக்க முயன்ற வகை அதனினும் வியப்பானது. 2017 சூலையில் ஒரு திருத்த முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. மக்களின் காப்புக்கும் ஏமத்துக்கும் இன்றியமையாத பொதுப்பணிகளைத் தடைப்பகுதிக்குள்ளும் செய்யலாம் என்றது அது. கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் அப் பொதுப்பணி நடுவணரசின் பணத்தில், நடுவணரசின் துறை செய்யும் பணியாக இருத்தல் வேண்டுமாம்! அதற்குக் கரணியமாகக் காட்டப்பட்டவற்றுள் ஒன்று, ஆக்ராவை அடுத்த அக்பர் கல்லறைக்கு அருகில் நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் கட்ட இயலாமை. மீனவர் குப்பத்துக்கு மாநில அரசோ ஊராட்சி மன்றமோ ஓர் ஏமமனை கட்ட விரும்பின் அம் முன்வரைவில் வழி இல்லை. 2018 சனவரி 2-இல் மக்களவை அதற்கு ஒப்புதல் அளித்தது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2019-இல் மக்களவை கலைந்தபோது சட்டமாகாமலே நின்றுபோயிற்று. அது சட்டமாகாததில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. மேம்பாலமும் 'காப்பு' என்றால், காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் எங்கே நிற்கும்?

இவ் வழக்கில் இரு கட்சியார் உளர். ஒரு சாரார், "கல் பெரிதா, உயிர் பெரிதா? நூறு மீட்டரை நீக்குக" என்பர். மற்றொரு சாரார், "உலகமே வந்து காணும் ஊர், 1984-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறிய ஊர், மக்கள் சற்று விலகியே வாழ்க" என்பர். முதல் சாராரின் சொல்லில் அறம் உண்டு. ஆயின் நூறு மீட்டர் நீங்கியதும் அங்கு முதலில் எழுவது மருத்துவமனையாக இராது, விடுதியாகவே இருக்கும் என்பதை அவர் மறந்தனர். இரண்டாம் சாராரின் சொல்லில் பெருமிதம் உண்டு. ஆயின் அக் கற்களைச் செதுக்கியவரின் ஊரை ஆளற்ற காட்சிக்கூடமாக ஆக்குவது பல்லவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. இரு சாராரும் கேட்கத் தவறிய வினா ஒன்று உண்டு: எந்த இடருக்கு எந்தக் காப்பு? எல்லாக் காப்பும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்று யார் சொன்னது?

தீயை எடுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி ஊர் நடுவில் நின்றால் பயனில்லை; நான்கு திசைக்கும் ஓடத்தக்க சாலைக்கூடலில் நிற்க வேண்டும். ஆகவே அதற்குரிய இடம் ஊருக்கு மேற்கே, பூஞ்சேரிப் பாங்கர். அங்கே தடைவட்டமும் நெருக்காது. ஆயினும் திசம்பர், சனவரித் திங்கள்களில் நாட்டிய விழாவுக்கும் விடுமுறைக்கும் மக்கள் திரளும்போது அவ் வண்டி ஊருக்குள் எப்படி நுழையும்? இங்கேதான் முன்னர்க் கூறிய சட்ட நுட்பம் கைகொடுக்கிறது. நீர் வழங்கும் பணிக்குத் தடை இல்லை அன்றோ? தெருமுனை தோறும் அழுத்த நீர்க்குழாய் இட்டு, பக்கத்தே நீர்க்குழல் சுருளைப் பெட்டியில் வைத்து, அத் தெரு இளைஞர் நால்வர்க்குப் பயிற்சி அளித்தால், வண்டி வரும்வரை தீயை மடக்கலாம். கட்டடம் ஒன்றும் எழவேண்டுவதில்லை. கோயிலின் காட்சியும் கெடவேண்டுவதில்லை.

கடலில் குளிப்போர் மூழ்கி இறக்கும் கொடுமைக்கு மேற்கே இடம் தேடுவது நகைப்புக்குரியது. உயிர்காப்போன் மணலில்தான் நிற்க வேண்டும். அவனுக்குக் கற்கட்டடம் வேண்டா. நகர்த்தத்தக்க ஒரு மரப்பரண் போதும். அவனுக்கு ஆண்டு முழுதும் சம்பளம் போதிய அளவு கிடைத்தல்தான் வேண்டும்.

இனிக் கடல்கோள். இங்குச் சற்று நின்று பேசுதல் வேண்டும். 2004 திசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பெயர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துப் பேரலை தமிழகக் கரையைத் தொட்டது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மல்லையில் கடல் முதலில் உள்வாங்கியது. என்றும் காணாத பாறை வரிசைகளை மக்கள் கண்டனர். அலை அடித்து ஓய்ந்தபின் மணல் கரைந்து பழைய கல்வேலைப்பாடுகள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுடைய பாறை ஒன்று வெளிப்பட, தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தனர். பல்லவர் காலக் கற்றளி ஒன்று கிடைத்தது. அதன் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் ஒன்று கிடைத்தது. முருகன் கோயில். கடலலையே அதனைச் சாய்த்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. ஒரு கோயில் கடலால் சாய்ந்த இடத்திலேயே மற்றொரு கோயில் எழுந்தது. அதுவும் மணலுள் மறைந்தது. முன்னோர் அறியாமையால் அங்குக் கட்டினர் என்று எள்ளுதல் தகாது. கடலை நம்பி வாழ்வோர் கடலருகேதான் கட்டுவர். கடல்கோள் என்று அதற்குத் தனிச்சொல்லே படைத்து வைத்திருந்த இனம், அக் கடலை விட்டு ஓடிவிடவில்லை.

இதனை அரசு அறிந்திருந்ததா என்பதற்கு 2005 மார்ச்சு 30-ஆம் நாள் அரசாணை விடை கூறும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அப்பால் போனால் புதுவீடு தரப்படும்; போகாதோர் தம் செலவிலேயே பழைய வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம், அரசின் உதவி இல்லை. அலையினின்று காக்கும் நோக்கம் பிழையன்று. ஆனால் கட்டுமரமும் படகும் வலையும் மணலில் கிடக்க, உடையவன் தொலைவில் உறங்குவது எங்ஙனம்? விடியற்காலை மூன்று மணிக்குக் காற்றின் போக்கை வாயிலில் நின்று பார்ப்பவன் அவன். அவனை நகர்த்திவிட்டு அதே கரையில் பணமுடையார் விடுதி மட்டும் விளக்கொளியில் நிற்குமாயின், அக் காப்பு யாருக்குரிய காப்பு என்று அவன் கேட்பதில் தவறு என்ன? குப்பம் கரையிலேயே இருக்கட்டும். குப்பத்தார் ஓடி ஏறுதற்குரிய மனை அருகிலே இருக்கட்டும். இதுவே இடனறிந்த தீர்வு.

அருகில் என்பதற்கு அளவு என்ன? 2007 அத்தோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நடுவம் அமைந்தது. 2012 ஏப்பிரல் 11-இல் சுமத்திராக் கடலில் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை கரைக்கு வந்தது. நல்வாய்ப்பாகப் பேரலை வரவில்லை. சுமத்திராவிலிருந்து அலை வரும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. அதில் கண்டறிதலுக்கும் செய்தி இறங்கி வருதலுக்கும் போவது போக, ஒரு கிழவிக்குக் கிடைப்பது ஒரு மணிக்கும் குறைவாகலாம். அவள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடக்கும் விரைவே அளவுகோல். வரைபடத்தில் வைக்கும் அளவுகோலன்று. 2004-இல் புதுவை நல்லவாட்டில் நடந்தது நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைப்பேசியில் சொல்ல, ஊரிலிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்க, ஊரே உயிர் தப்பிற்று. அவ் ஒலிபெருக்கி மாவட்டத் தலைநகரில் இருந்திருந்தால்?

ஏமமனையின் அமைப்பும் இடத்தைப் போன்றே இன்றியமையாதது. தூண்களின்மேல் எழுந்து, கீழே அலை புகுந்து வெளியேற வழிவிட்டு நிற்க வேண்டும். மேலேறப் படிகள் மட்டும் போதா. முதியோர்க்குச் சாய்தளம் வேண்டும். நாள்தோறும் பள்ளியாகவோ படிப்பகமாகவோ பயன்பட வேண்டும். பூட்டிக் கிடக்கும் மனை, புயல் வரும் நாளில் வௌவால் மனையாகவே இருக்கும். பெண்டிர்க்கு மறைவிடமும் தனிக் கழிப்பிடமும் இன்றேல் அவர்கள் வாரார். 1991-இல் வங்கநாட்டுப் புயலில் பெண்டிர் மிகுதியாக மாண்டதற்கு இதுவும் ஒரு கரணியம். ஒரிசாவில் 1999 புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதன்பின் கரையெங்கும் ஏமமனைகள் எழுந்தன. 2013-இல் பைலின் புயலில் மாண்டோர் சில பத்தின்மரே. மல்லையும் புயலுக்கு அயலூரன்று. 2022 திசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டசு புயல் கரை கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டியே.

வேறு ஒரு கூட்டத்தாரை இவ் வழக்கில் எவரும் எண்ணுவதில்லை. மாசித்திங்கள் முழுநிலவு நாளில் ஆயிரக்கணக்கான இருளர் மல்லைக் கடற்கரைக்கு வந்து, மணலிலேயே குடிலமைத்துத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டுச் செல்கின்றனர். ஊர் வாக்காளர் பட்டியலில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆகவே ஏமமனையின் கணக்கிலும் இடம் இல்லை. 2019 அத்தோபரில் சீன, இந்தியத் தலைவர் இருவர் இரு நாள் வந்தபோது ஊர்முழுதும் காவலர் நின்றனர். இருளர் வரும் இரவுகளுக்கும் இடர்காப்பு வகுத்தல் அதனினும் எளிதே.

தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. அதனை விட்டுவிட்டுக் காப்பைப் பற்றிப் பேசுவது யானையை விட்டுப் பானைக்குள் தேடுவது போலாம். அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 சூலையில் இயங்கத் தொடங்கிற்று. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டம் இடர்காலத் திட்டப் பகுதி. மல்லை அதற்குள் அடங்கும். 2004 பேரலையின்போது கடல்நீர் எக்கி மனைக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பழுதின்றி நிறுத்தப்பட்டது. ஆயினும் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் மாண்டன. உலை தப்பியது, குடியிருப்புத் தப்பவில்லை. இடம் பார்த்தலின் வேறுபாடு அங்கேயே தெரிந்தது. மேலும் ஒரு சிக்கல்: அலை வந்தால் மேற்கே ஓட வேண்டும், உயரத்தில் ஏற வேண்டும், காற்றோட்டம் தடையன்று. உலையில் கோளாறு நேர்ந்தால் கதவடைத்து உள்ளே இருக்க வேண்டும், அல்லது காற்றின் போக்குக்குக் குறுக்கே விலக வேண்டும். தூணின்மேல் நாற்புறமும் திறந்து நிற்கும் மனை முதலதற்கு ஏற்றது, இரண்டாவதற்கு ஏலாதது. தெற்கிலிருந்து காற்று வீசும் திங்கள்களில் மல்லைதான் அதன் வழியில் இருக்கிறது. புலவர் பாடிய தென்றல்! அதனால் மூடத்தக்க கதவுடைய அறைகளும் அம் மனையில் இருத்தல் வேண்டும். எந்த ஒலி எழுந்தால் ஓடுவது, எந்த ஒலி எழுந்தால் உள்ளிருப்பது என்பதைக் குழந்தையும் அறிதல் வேண்டும்.

அறிதல் என்றவுடன் மொழி வந்து நிற்கிறது. இடர்நேரத்தில் மனிதன் படிப்பது தாய்மொழியை மட்டுமே. வெளியேறு வழி காட்டும் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருத்தல் மொழிப்பற்றின் வேண்டுகோள் மட்டுமன்று. உயிர்காப்பின் முதல் விதி. 'சுனாமி' சப்பானியச் சொல். துறைமுக அலை என்பது அதன் பொருள். ஆழிப்பேரலை என்று எழுதினால் அதன் பேரளவு சொல்லிலேயே தெரிகிறது. துறைமுகங்களில் ஏற்றும் புயற்கூண்டின் எண்களைச் செய்தியில் படிக்கும் நகரத்தாருக்கு அவ் எண் வெறும் எண். குப்பத்து மீனவனுக்கோ வாடை, கொண்டல் என்று சொன்னால் போதும், வானை அவனே படித்துக்கொள்வான். அவன் அறிவையும் பலகையில் ஏற்றுக. எச்சரிக்கைச் சொற்களை வகுக்கும் குழுவில் அவனையும் அமர்த்துக.

ஆகவே, பெருமக்களே, கேட்க வேண்டுவன இவை. தடைவட்டம் அப்படியே நிற்கட்டும். ஆனால் உயிர்காக்கும் கட்டடம் எது என்று சட்டமே பெயர் சுட்டிச் சொல்லட்டும், அதனை மாநில அரசும் நகராட்சியும் கட்டும் உரிமை இருக்கட்டும். இடம் தேர்வதற்கு முன் குப்பத்தாரைக் கூட்டி, கடற்கரையிலிருந்து அவ் விடம்வரை ஒருமுறை முதியோரையும் பிள்ளைகளையும் நடக்கவைத்து நேரம் அளக்கட்டும். மனையின் திறவுகோல் வட்டாட்சியர் அலுவலகத்து ஆணியில் தொங்காமல், குப்பத்து ஊர்ப்பஞ்சாயத்தார் கையில் ஒன்றும், அம் மனைக்கு மிக அருகே குடியிருக்கும் குடும்பத்தின் கையில் ஒன்றும் இருக்கட்டும்.